ஐயமும் விசுவாசமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"படிப்பு ஏறினால் பக்தி இறங்கிவிடும்" என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் அச்சம். "ஆண்டவரை ஆய்வுக்கூடத்தில் காட்ட முடியுமா?" என்பது கல்லூரி நண்பர்களின் கேள்வி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரு சாராருக்கும் விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு. பெரியவர்கள் சொல்வது மெய்யானால், கூலி வேலை செய்து என்னைப் படிக்க அனுப்பிய பெற்றோர், தம் மகனைத் தாமே தொலைத்தவர்கள் ஆவார்கள் அன்றோ!

கேள்வியே எழாத மனம்தான் விசுவாசமா? தோமாவைப் பாருங்கள். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவர் அவர். ஆயினும் சீடர் கூட்டத்தை விட்டு அவர் போய்விடவில்லை. மற்றவர்களும் அவரை வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது, தோமா அந்த வீட்டுக்குள்தான் இருந்தார்! ஐயத்தோடும் அகலாது நின்றாரே, அதுவே உறுதி.

"சந்தேகப்படுகிறவனைக் கடல் அலைக்கு யாக்கோபு ஒப்பிடவில்லையா?" எனக் கேட்கலாம். ஒப்பிட்டார். ஆனால் அதற்கு முந்தைய வசனத்திலேயே, ஞானம் குறைந்தவன் கடவுளிடம் கேட்கட்டும், அவர் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்கிறார். அவர் கண்டிப்பது இருமனத்தை, கேள்வியை அன்று. தன் குறையை உணராதவன் ஞானத்தை எப்படிக் கேட்பான்?

பெல்ஜிய நாட்டு ஜார்ஜ் லெமேத்ர் 1923இல் கத்தோலிக்கக் குருவானவர். 1927இல் பேரண்டம் விரிவடைகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார்; ஐன்ஸ்டீன் முதலில் ஏற்கவில்லை. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், புதிய அண்டவியல் படைப்புக்குச் சான்று தருகிறது என்ற கருத்தில் பேசியபோது, அப்படி இரண்டையும் கலப்பதை லெமேத்ர் விரும்பவில்லை. 1966இல் இறக்கும்வரை குருவாகவே வாழ்ந்தவர் அவர். அறிவியலின் இடைவெளியை அடைக்க அவர் கடவுளைப் பயன்படுத்தவில்லை. அறிவியலைச் சாக்காக்கிக் கடவுளைக் கைவிடவும் இல்லை.

பெரியவர்களே! கேட்பதால் விசுவாசம் சாவதில்லை. வாயை அடைத்தால்தான் இளைஞன் எழுந்து போய்விடுகிறான். நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் கடவுளைக் காட்ட என்னால் இயலாது. இல்லையென்று காட்ட உங்களாலும் இயலாது. ஆகவே பகலில் ஆய்வுக்கூடத்தில் அளப்பேன். இரவில் முழந்தாளிட்டு ஞானம் கேட்பேன். இரண்டுமே உண்மையைத் தேடும் உழைப்புத்தான்!