நடப்போருக்கும் சாலையில் பங்கு உண்டு

தாராவித் தமிழர்களுக்கு 90 அடி சாலையையும் 60 அடி சாலையையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அகலத்தையே பெயராகக் கொண்டவை அவை. ஆனால் அந்த அகலம் யாருக்காக என்று கேட்பவர்கள் குறைவு.

இந்தியச் சாலைகளுக்கு முதன்முதலாக முறையான வகைப்பாடு தந்தது, 1943-ல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் மாநாடு. தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என அது பிரித்தது. எந்தச் சாலைக்கு யார் பொறுப்பு என்பதற்கு அந்தப் பிரிவே அடிப்படை. மும்பையிலிருந்து புனே, பெங்களூர் வழியாகச் சென்னை செல்லும் 48-ம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மைல்கல்லுக்கு மஞ்சள் தலை. மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை.

நகரச் சாலைகளின் வகை, அவை செய்யும் வேலையைப் பொறுத்தது. நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வாகனங்களை வேகமாகக் கொண்டு செல்வது பிரதான சாலை. அதற்கு உதவுவது துணைப் பிரதான சாலை. தெருக்களின் வாகனங்களைத் திரட்டிப் பெரிய சாலைக்கு அனுப்புவது இணைப்புச் சாலை. வீட்டு வாசலுக்கு வருவது உள்ளூர்த் தெரு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1977-ல் இவற்றுக்கு முறையே 50-60, 30-40, 20-30, 10-20 மீட்டர் அகலம் வகுத்தது.

90 அடி என்பது சுமார் 27 மீட்டர். 60 அடி, 18 மீட்டர். இந்த அளவுப்படி முன்னது இணைப்புச் சாலை, பின்னது உள்ளூர்த் தெரு. இரண்டு வகையும் வேகத்துக்காக ஏற்பட்டவை அல்ல. இருமருங்கிலும் வாழ்வோருக்காக ஏற்பட்டவை.

நடைமுறையோ தலைகீழாக இருக்கிறது. நெரிசல் என்றதும் நகரங்களில் முதலில் வெட்டுப்படுவது நடைபாதைதான். வாகனங்கள் பெருகிவிட்டன, வேறு வழியில்லை என்கிறார்கள். அகலப்படுத்திய சாலையும் சில ஆண்டுகளில் நிரம்பிவிடுகிறது. பறிபோன நடைபாதை மட்டும் திரும்புவதில்லை. ரயிலைப் பிடிக்க ஓடும் குமாஸ்தாவும், ஷிப்டு முடிந்து திரும்பும் தொழிலாளியும் லாரிக்கு நடுவே நடக்கிறார்கள்.

நடைபாதை என்பது சலுகை அல்ல. தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட விதி. கோவை எலும்பு மருத்துவர் ஒருவர் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. பழி முழுவதையும் தெருவோர வியாபாரிகள் மீது போடுவதும் நியாயமல்ல. அவர்களுக்கு விற்பனை இடம் ஒதுக்க வழிசெய்யும் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது.

'சாலை மோசம்' என்று பொதுவாக எழுதும் மனு, ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலையும். தமிழர் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் அந்தச் சாலை எந்த வகை, யார் பொறுப்பு, நடைபாதை எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதட்டும். அளவைச் சொல்லிக் கேட்பவருக்கு அதிகாரிகள் மழுப்பலான பதில் தருவது கடினம்.