கூரை வேய்ந்த பண்ணைவீடு

இங்கிலாந்தின் ஸ்ட்ராட்போர்டு நகரை அடுத்த ஷாட்டரி என்னும் சிற்றூரில் கூரை வேய்ந்த பழைய வீடொன்று உள்ளது. ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவேயின் பிறந்தகம் அது. காண வருவோர் அதனைக் ‘குடில்’ என்றே அறிவர். அப்பெயர் பொருந்தாது. காலப்போக்கில் பன்னிரண்டு அறைகளாக விரிந்த அவ்வீடு, 90 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையுடைய பண்ணையின் தலைமனையாக விளங்கியது. குடில் என்றதும் எளிமை நினைவுக்கு வருகிறது. நாடகப் பேராசானின் புகழும் நினைவுக்கு வருகிறது. கட்டிய தச்சரும் கூரை வேய்ந்தோரும் நினைவுக்கு வருவதில்லை. போற்றத்தக்கது அவர்தம் அறிவே.

15ஆம் நூற்றாண்டில் எழுந்த அதன் பழைய பகுதியைத் தாங்குவது சுவரன்று. இயல்பாகவே வளைந்த ஓக் மரத்தை நெடுக்காகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி, முகட்டில் இணைப்பது அக்காலத் தச்சு முறை. கூரையின் பாரம் அவ்வளைமரங்கள் வழியே நிலத்தில் இறங்கும். பச்சைமரத்தையே செதுக்கி மரமுளைகளால் பொருத்துவர். மரம் உலர உலரப் பொருத்து இறுகும். பாரம் சுமக்காத சுவருக்குப் பின்னிய வரிச்சும், மண்ணும் சாணமும் தாளும் குழைத்த பூச்சும் போதும். அத்தகைய சுவருக்குப் பகை மழை. எனவே கூரையை ஏறத்தாழ 50 பாகைச் சரிவில் அமைத்தனர். நீர் உள்ளிறங்குமுன் வழிந்துவிடும். இறவாரத்தைச் சுவருக்கு அப்பால் நீட்டி, அந்நீரை எட்டச் சொட்டவிட்டனர். அழகெனத் தோன்றும் ஒவ்வொன்றும் தேவையிலிருந்து பிறந்தது.

இடைக்கால வீடுகளில் புகைபோக்கி இல்லை. நடுக்கூடத்து நெருப்பின் புகை கூரையூடே கசிந்து வெளியேறியது. டெவன் பகுதியில் அவ்வாறு கறுத்த அடித்தாள் சில வீடுகளில் இன்றும் எஞ்சியுள்ளது. இடைக்காலக் கோதுமை எத்தகையது என்பதை ஆய்வாளர் அத்தாளிலிருந்தே அறிந்தனர். எந்த ஏட்டிலும் எழுதப்படாத வேளாண் வரலாறு கூரைக்குள் ஒளிந்திருந்தது வியப்பன்றோ!

மேற்கூரை நிலையானதன்று. முகட்டை 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1969இல் தீ விபத்தில் சேதமுற்ற ஷாட்டரி வீடும் பழைய வடிவிலேயே சீரமைக்கப்பட்டது. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றைப் பழமை என்று காப்பது வீண் பிடிவாதம் என்பார் உளர். கோதுமைத்தாள் இருந்த இடத்தில் கோதுமைத்தாளே வேண்டும் என்னும் காப்பு நெறி, உரிமையாளரின் செலவை உயர்த்துகிறது என்பதும் மெய்யே. அயல்நாட்டு நாணல் நெடுநாள் உழைக்கும். ஆயினும் அது வேய்ந்த கூரை விளிம்பு கூர்ந்து நிற்கும்; தாட்கூரையின் குழைந்த வடிவம் அதற்கு வாராது.

வடிவத்தினும் பெரிதொன்று இந்நெறியால் காக்கப்படுகிறது. இக்காலக் கோதுமை குட்டையானது. அறுவடைப் பொறி அதன் தாளை நொறுக்கிவிடும். கூரைக்கெனத் தாள் கேட்போர் இருப்பதால்தான் மாரிஸ் விட்ஜன் போன்ற நெடுந்தாள் கோதுமையைச் சில உழவர் இன்றும் விதைக்கின்றனர். கதிர் முற்றுவதற்குச் சற்று முன்னரே பழைய பொறிகளால் அறுத்து, கட்டுகளாக்கி, வயலிலேயே நிறுத்தி உலர்த்துகின்றனர். அக்கட்டுகளுக்காகவே கூரை வேய்வோர் காத்திருக்கின்றனர்.