மூணாவது ஷூ யாருடையது?

1/ கோமாளின்னா குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறவர்னு நினைக்கிறோம். போலீஸ் விசாரணையில் நடந்த ஒரு மரணத்தையே கையில் எடுத்த கோமாளி ஒருத்தன் இருக்கான். பொறுமையா படிங்க.

2/ 1969 டிசம்பர் 12. இத்தாலியின் மிலான் நகரில், வங்கியில் குண்டு வெடிச்சு 17 பேர் இறந்தாங்க. சந்தேகத்தில் பிடிபட்டவர்களில் ஒருவர் ரயில்வே தொழிலாளி ஜுசெப்பே பினெல்லி. மூணு நாள் கழிச்சு, காவல் தலைமையகத்தின் நாலாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்றது போலீஸ்.

3/ ஒரு வருஷத்துக்குள் தாரியோ ஃபோ அதை நாடகமாக்கினார்: 'ஓர் அராஜகவாதியின் தற்செயல் மரணம்'. நாயகன் ஒரு கிறுக்கன். வேஷம் போடுறதுதான் அவன் வியாதி. மனநல டாக்டர் வேஷத்தில் மாட்டினவன், ஸ்டேஷனிலேயே நீதிபதி ஆகிடுறான். அறிக்கையைச் சரிபண்ணித் தர்றேன்னு சொல்லி, அதிகாரிகளையே புதுசு புதுசா கதை கட்ட வைக்கிறான்.

4/ விழுந்தவரின் காலைப் பிடிச்சேன், ஷூதான் கையோட வந்துச்சுன்னு ஒரு போலீஸ்காரர் சொல்றார். கீழே கிடந்தவர் காலில் ரெண்டு ஷூவும் இருக்கு! அப்போ அவருக்கு மூணு காலா?

5/ இது வெறும் ஜோக் இல்லீங்க. காயமும் சொல்லப்படுற கதையும் ஒத்துப்போகுதான்னு பார்ப்பதுதான் தடயவியல் மருத்துவத்தின் அடிப்படை. அந்த வேலையைக் கோமாளி செய்றான்.

6/ சாவில் என்ன சிரிப்புன்னு கேட்கலாம். அவன் சிரிப்பது செத்தவரைப் பார்த்து அல்ல, அறிக்கையைப் பார்த்து. அழுதா பாரம் இறங்கிடும், வீட்டுக்குப் போயிடுவோம். ஃபோ அதை விரும்பல. கோபம் உள்ளேயே தங்கணும்னு நினைச்சார்.

7/ நாடகம் நீதி வாங்கித் தரல. கொலையும் இல்லை, தற்கொலையும் இல்லை, உடல்நலக் குலைவால் விழுந்தார்னு 1975-ல் நீதிபதி முடிச்சார். யாருக்கும் தண்டனை இல்லை. ஆனா கேள்வி இன்னும் சாகல. ஃபோவுக்கு 1997-ல் நோபல் கிடைச்சது.

8/ நமக்கும் கட்டியங்காரன் உண்டு. கூத்தில் ராஜாவை அழைச்சு வர்றவனே அவரைக் கிண்டலும் பண்ணுவான். ஆனா 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' செய்திக்கு நாம மாவுக்கட்டு மீம் போட்டுச் சிரிக்கிறோமே, அது யாரைப் பார்த்து? கட்டு போட்டவனைப் பார்த்து. அது கோமாளித்தனம் இல்லை, அதிகாரத்துக்குப் போடுற ஜால்ரா.

9/ அந்த மாவுக்கட்டைப் போடுறது எங்க துறை. எப்படி அடிபட்டதுன்னு பதிவேட்டில் எழுதுறதும் நாங்கதான். கூட வந்த காவலரிடம் இல்லாம, அடிபட்டவரிடமே தனியா கேட்டு எழுதணும்.

10/ நீங்க சிரிங்க, தாராளமா. ஆனா ஒரே பாத்ரூமில் எத்தனை பேர்தான் வழுக்குவாங்கன்னு கேட்டுட்டுச் சிரிங்க.