‘ஒருவகைப் பறவை’ போதுமா?

சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதுவிட்ட பாடலைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமையாக்கிய நயத்தைப் பலமுறை வியந்து பேசியதுண்டு. ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, நாரையின் அலகை நீங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா?” என வினவினார். இல்லை என்பதே உண்மையான விடை. அவ்வினாவே எங்களைக் கூந்தன்குளத்திற்கு அழைத்துச் சென்றது.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிக்கு அருகிலுள்ள சிற்றூர் கூந்தன்குளம். அதன் குளம் 1994-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2022-இல், உலக அளவில் சிறப்புடைய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

மாசித் திங்களின் விடியற்பொழுதில் இருபது மாணவர்களுடன் குளக்கரையில் நடந்தேன். கருவேல மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள் வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கூடுகள் நிறைந்திருந்தன. கூழைக்கடா தன் தொங்குபையிலிருந்து குஞ்சுக்கு மீன் ஊட்டிக்கொண்டிருந்தது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் நீரில் மிதந்தன. மாணவர் ஒருவர் ஆர்வ மிகுதியால் உரக்கக் கூவியபோது, வாயில் தெளித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், “சத்தம் போடாதீங்க தம்பி, குஞ்சு பொரிச்சிருக்கு” என்றார். தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது. பறவைகளின் எச்சம் கலந்த நீரும் வண்டலும் வயலுக்கு உரமாவதை அம்மக்கள் அறிவர். ஆயினும், அந்த மூதாட்டியின் குரலில் ஒலித்தது பயன் கருதிய கணக்கன்று, தாய்மையின் பரிவே.

அன்று நான் கற்றது ஒன்றுண்டு. அங்குக் கூடுகட்டி வாழ்வது மஞ்சள்மூக்கு நாரை. புலவர் பாடியதோ வலசை செல்லும் செங்கால் நாரை. நத்தையைத் தேடியுண்ணும் நத்தைகுத்தி நாரை வேறு. இத்தனை வேறுபாட்டையும் ‘நாரை – ஒருவகைப் பறவை’ என்னும் ஒரே தொடரில் அடக்கி, குறிப்பெழுதச் சொல்லி வந்திருக்கிறோம். கருப்பொருளுள் ‘புள்’ளையும் வைத்துத் திணை வகுத்த மரபின் வழிவந்தோர்க்கு இது தகுமா?

பறவை காண்பது பொழுதுபோக்கு. தமிழ்த்துறைக்கு அதில் என்ன வேலை எனச் சிலர் கேட்கலாம். கண்ணாரக் காணாத பொருளுக்குச் சொல்லப்படும் உவமை, மனப்பாடமாக நிற்குமேயன்றி அனுபவமாக மலராது என்பதே என் விடை. மேலும், பறவையினங்களையும் ஒரு சமுதாயமாகக் கருதும் பார்வையைத் திருமறை நமக்கு வழங்கியுள்ளது. தாய்ப்பறவை தவிப்பதைக் கண்டு, எடுத்த குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அவ்வகையில் அம்மூதாட்டியின் சொல் நமக்கும் அந்நியமன்று.

எனவே, கல்விச் சுற்றுலா என்றாலே அணைக்கட்டும் அருங்காட்சியகமும் என்றிருக்கும் வழக்கம் சற்றே மாறவேண்டும். ஆண்டுக்கொரு முறை, சிறு குழுவாக, ஒலிபெருக்கியும் ஆரவாரமும் இன்றி ஒரு குளக்கரையில் நடந்து வருவோம். ஒவ்வொரு மாணவரும் இலக்கியம் கூறும் பெயர், ஊரார் வழங்கும் பெயர், தாம் கண்ட இயல்பு ஆகிய மூன்றையும் ஏட்டில் குறித்து வரட்டும். அக்குறிப்புகளைத் தொகுத்து அடுத்த ஆண்டு மலரிலேயே வெளியிடலாம். பெரியவர்களும் இம்முயற்சிக்குத் துணைநிற்க வேண்டுகிறேன்.

மழை பொய்த்துக் குளம் வற்றும் ஆண்டுகளில் பறவைகள் கூந்தன்குளத்தை விட்டு அகன்றுவிடுகின்றன. நம்மூர்க் குளங்கள் தூர்ந்து மனைகளாகிவிட்டால் அவை எங்குச் செல்லும்? அந்நிலை வந்தால், ‘ஒருவகைப் பறவை’ என்று எழுதுவதைத் தவிர நம் மாணவர்க்கு வேறு வழியே இராது. அதற்கு முன்பே அவர்களை அழைத்துச் சென்று காட்டுவது ஆசிரியர் கடமை.