'பிரெஞ்சு ஏரியா ஈஸி சார்!' - ஒரு பொட்டி தட்டுபவனின் கோபம்

மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். போன ஞாயித்துக்கிழமை நடந்த ஒரு விஷயத்தை எழுதாம விட்டா மண்டை வெடிச்சுடும் போல இருக்கு, அதான் வந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம், கோபமும் கொஞ்சம் ஜாஸ்தி. பொறுத்துக்கோங்க மக்களே.

எங்க தெருவுல ரெண்டு வீடு தள்ளி ஒரு தம்பி. மெக்கானிக்கல் முடிச்சுட்டு ரெண்டு வருஷமா அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை. அவங்கப்பாவும் எங்கப்பாவும் ஆவடி டேங்க் ஃபேக்டரியில ஒண்ணா வேலை பார்த்தவங்க. (வெளியூர்க்காரங்களுக்கு: 1965-ல முதல் விஜயந்தா டேங்க் வெளிய வந்துச்சே, அதே எச்.வி.எஃப். தான்.) ஞாயித்துக்கிழமை காலையில பையன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோட வந்து நின்னான். "அண்ணா, கனடாவுக்கு ஸ்டூடண்ட் விசா போடறேன். இந்த எஸ்.ஓ.பி.ல இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க."

வாங்கிப் படிச்சேன். இங்கிலீஷ்ல ஒரு தப்பும் இல்லை. ஆனா அதுல எழுதியிருந்ததுல உண்மைன்னு பார்த்தா அவன் பேரும் பிறந்த தேதியும் மட்டும்தான். பிரெஞ்சு கலாச்சாரத்தின் மீது சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குத் தீராத ஈடுபாடாம். மான்ட்ரியல்ல ஒரு தனியார் கல்லூரியில டிப்ளமோ முடிச்ச கையோட இந்தியா திரும்பி, குடும்பத்தோட பரம்பரை விவசாய நிலத்துல நவீன இயந்திரங்களைக் கொண்டுவரப் போறானாம். இவங்க குடும்பத்துக்கு நிலம்னு இருக்கறது கொல்லைப்புறத்துல ஒரு முருங்கை மரம் நிக்கிற இடம்தான்.

"யாருடா எழுதினது?"

"கன்சல்டன்சியில கொடுத்தாங்கண்ணா. எல்லாருக்கும் இதான். பேரு, ஊரு மட்டும் மாத்திப்பாங்க."

மான்ட்ரியல் எதுக்குடான்னு கேட்டேன். டொரன்டோ பக்கம் இப்போ கூட்டம் ஜாஸ்தி, ரிஜெக்ட் பண்றாங்களாம். பிரெஞ்சு ஏரியாவுக்கு யாரும் போறதில்லை, அதனால ஈஸியாம். பிரெஞ்சு பேசற ஊர்ல படிக்கப் போறவங்களுக்கு கனடா அரசாங்கமே 'திரும்பிப் போவேன்'னு நிரூபிக்க வேண்டாம்னு சொல்லிடுச்சாம். மொபைல்ல ஒரு செய்தித் துணுக்கைக் காட்டினான். கன்சல்டன்சிக்காரங்க வாட்ஸ்அப்ல அனுப்பினதாம்.

இங்கதான் எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. ஏன்னா அந்தச் செய்தி உண்மை. இவங்க செஞ்ச வியாபாரம்தான் பொய்.

அந்தச் செய்தி என்னன்னா, 2024 ஆகஸ்ட் 26-ல கனடா ஒரு சோதனைத் திட்டம் ஆரம்பிச்சது. கியூபெக் மாகாணத்துக்கு வெளிய, ஆங்கிலம் பேசறவங்களுக்கு நடுவுல சிறுபான்மையா பிரெஞ்சு பேசி வாழற சமூகங்கள் இருக்கு. நியூ பிரன்ஸ்விக்ல மான்க்டன், மானிடோபால செயின்ட் போனிஃபாஸ் மாதிரி ஊருங்க. அந்த ஊர்கள்ல இருக்கற குறிப்பிட்ட கல்லூரிகள்ல பிரெஞ்சு மொழியிலயே படிக்க வர்றவங்களுக்கான திட்டம் இது. முதல் வருஷத்துக்கு 2,300 விண்ணப்பம்னு உச்சவரம்பு. படிப்பு முடிஞ்சதும் நாட்டை விட்டுப் போயிடுவேன்னு நிரூபிக்க வேண்டாம். வங்கியில காட்ட வேண்டிய பணமும் மத்தவங்களை விடக் கம்மி. படிச்சு முடிச்சா நிரந்தரக் குடியுரிமைக்கும் ஒரு வழி உண்டு. ஆனா பிரெஞ்சு தெரியணும். படிக்க, எழுத, பேச, கேட்க நாலுலயும் அவங்க அளவுகோல்ல அஞ்சாம் நிலை. முக்கியமா, செனகல், கேமரூன், மொராக்கோ, லெபனான், ஹைத்தி மாதிரி குறிப்பிட்ட நாடுகளோட குடிமக்களுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியல்ல இந்தியா இல்லை.

மான்ட்ரியல் இருக்கறது கியூபெக்ல. ஆக ஊரும் பொருந்தலை, நாடும் பொருந்தலை. மொழி? தம்பிக்கு 'போன்ஷூர்' தவிர ஒண்ணும் தெரியாது. ஒரு பொருத்தமும் இல்லாத ஜாதகத்தைக் காட்டி கல்யாணத்துக்கு நாள் குறிச்சிருக்காங்க!

சரி, கியூபெக்ல படிக்கிறதே தப்பான்னு கேட்பீங்க. தப்பில்லை, நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கு. அங்க போக முதல்ல மாகாண அரசுகிட்ட ஏற்புச் சான்றிதழ் (சி.ஏ.க்யூ.ன்னு சொல்றது) வாங்கணும், அப்புறம்தான் மத்திய அரசோட படிப்பு அனுமதி. ரெண்டு அரசாங்கம், ரெண்டு கட்டணம், ரெண்டு காத்திருப்பு. இதை தம்பிகிட்ட சொல்லியிருக்காங்க. சொல்லாம விட்டது வேற. கியூபெக்ல அரசு மானியம் வாங்காத தனியார் கல்லூரிகள்ல 2023 செப்டம்பர் 1-க்கு அப்புறம் கோர்ஸ் ஆரம்பிச்சவங்களுக்கு, படிப்பு முடிஞ்சு வேலை பார்க்கறதுக்கான பர்மிட் கிடையாது. கிடையவே கிடையாது. இவன் ஃபைல்ல இருந்த கல்லூரி அந்த ரகம்தான். வீட்டுப் பத்திரத்தை வச்சு இருபது லட்சம் கடன் வாங்கி, முடிச்சதும் மூணு வருஷம் வேலை பார்த்து அடைச்சுடலாம்னு அவங்கப்பா நோட்டுல கணக்கு போட்டு வச்சிருக்காரு. அந்த மூணு வருஷமே இல்லைன்னா அந்த நோட்டை என்ன பண்றது?

இது நடக்காத கதை இல்லைங்க. 2020 டிசம்பர்லயே கியூபெக் அரசு பத்து தனியார் கல்லூரிகளுக்கு இந்தியாவுலேர்ந்து ஆள் சேர்க்கற விதத்துல சந்தேகம் வந்து, அந்த விண்ணப்பங்களை நிறுத்தி வச்சு விசாரிச்சது. 2022 ஜனவரியில மான்ட்ரியலோட எம் காலேஜ் உட்பட ஒரே குழுமத்தைச் சேர்ந்த மூணு கல்லூரிங்க கடன்காரங்ககிட்டேர்ந்து பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு. ரெண்டாயிரம் பேர் அளவுக்கு மாணவர்கள், பெரும்பாலும் நம்ம நாட்டுப் பசங்க, நடுத்தெருவுல நின்னாங்க. கனடா போய்ச் சேர்ந்தவங்க ஒரு பக்கம், விசா வராமலே இங்க உக்காந்து ஆன்லைன்ல படிச்சுட்டு ஃபீஸ் கட்டினவங்க இன்னொரு பக்கம். ஒட்டாவாவுல இருக்கற இந்தியத் தூதரகமே, பணம் கட்டறதுக்கு முன்னாடி கல்லூரியை நல்லா விசாரிங்கன்னு அறிக்கை விட்டுச்சு. அந்த அறிக்கை ஆவடி வரைக்கும் வந்து சேரலை போல. கன்சல்டன்சி நோட்டீஸ் மட்டும் தினமும் பேப்பர்க்குள்ள வச்சு வருது.

ஏஜென்ட்டுக்கு கமிஷன் எங்கேர்ந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? 'உங்ககிட்ட சர்வீஸ் சார்ஜ் வாங்கறதில்லை சார்'னு பெருமையா சொல்வாங்க. வாங்க மாட்டாங்க. கல்லூரி கொடுக்குது. மாணவனோட ஃபீஸ்லேர்ந்து ஒரு பங்கு. நல்ல அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்தா ஒண்ணும் பெரிசா தேறாது. அதனாலதான் ஃபிரான்ஸ்ல ஐரோப்பாவைச் சேராத மாணவனுக்கே அரசுப் பல்கலைக்கழக முதுகலைக்கு வருஷத்துக்கு சுமார் நாலாயிரம் யூரோதான்னு எந்த கன்சல்டன்சி போர்டுலயும் பார்க்க முடியறதில்லை. 2030-க்குள்ள 30,000 இந்திய மாணவர்கள் வேணும்னு அந்த நாட்டு அதிபர் மக்ரோன் 2024 குடியரசு தினத்துக்கு டெல்லி வந்தப்போ அறிவிச்சாரு. அவங்க கூப்பிடறாங்க. நடுவுல நிக்கிறவன் வேற பக்கம் கைகாட்டறான்.

நிற்க. ஏஜென்ட்டை மட்டும் திட்டிட்டுப் போனா அது பாதி நியாயம்தான்.

கனடா பக்கமும் ஒரு பித்தலாட்டம் இருக்கு. அவங்க குடியேற்றச் சட்டத்துல 22(2)-ன்னு ஒரு பிரிவு. நிரந்தரமா தங்க ஆசைப்படறது ஒண்ணும் குத்தம் இல்லை, அனுமதி முடிஞ்சா கிளம்பிடுவேன்னு அதிகாரிக்குத் திருப்தி வந்தா போதும்னு அது சொல்லுது. ஆனா விதி 216-ஐக் காட்டி 'நீங்கள் திரும்பிச் செல்வீர்கள் என்பதில் எனக்குத் திருப்தி இல்லை'ன்னு ஒரே அச்சுல வார்த்த வரியில நிராகரிப்புக் கடிதம் வருது. ஆசைப்படலாம்னு சட்டத்துல எழுதிட்டு, ஆசையை வெளிய சொன்னா கதவைச் சாத்தினா, பசங்க என்ன பண்ணுவாங்க? முருங்கை மரத்தை விவசாய நிலமா மாத்தத்தான் செய்வாங்க. அந்தச் சோதனைத் திட்டத்தையே பாருங்க. பிரெஞ்சு பேசற ஆப்பிரிக்க மாணவர்களை இதே வரியை வச்சு ஏகத்துக்கும் நிராகரிச்சாங்க. அங்கத்த பல்கலைக்கழகங்களும் நாடாளுமன்றக் குழுவும் புள்ளிவிவரத்தோட சண்டை போட்ட பிறகுதான் அந்த நிபந்தனையைத் தூக்கினாங்க. அப்போ அந்த நிபந்தனை இல்லாமலும் ஒரு நாடு மாணவர்களை எடுக்க முடியும்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?

'அப்போ இந்தியாவையும் சேர்க்கலையே, இது அநியாயம்'னு எங்க காலேஜ் குரூப்ல ஒரே கூப்பாடு. இதுல நான் அவங்களோட ஒத்துப் போகலை. அந்த ஊருக்காரன் தன் மொழி சாகாம இருக்க ஆள் தேடறான். 'எனக்கு உன் மொழி வேண்டாம், உன் விசா மட்டும் போதும்'னு போய் நின்னா அவன் ஏன் கதவைத் திறக்கணும்? மொழிக்காகப் போராட்டம் நடத்தின ஊர்லேர்ந்து வர்ற நமக்கு இது புரியாதா?

புரியாதுதான், ஏன்னா நாம பிரெஞ்சைப் பார்த்த விதமே வேற. என் கதையைச் சொல்றேன். பிளஸ் டூவுல நான் தமிழ் எடுக்கலை, பிரெஞ்சு எடுத்தேன். ஏன்? மார்க் வரும். 200-க்கு 191 வாங்கினேன். பத்து பாடத்தையும் அதோட மொழிபெயர்ப்பையும் அப்படியே உருப்போட்டு கக்கினது. பரிட்சை முடிஞ்ச மறுநாள் என் பேரு இன்னதுன்னு பிரெஞ்சுல சொல்லத் தெரியாது. தமிழையும் விட்டேன், பிரெஞ்சும் வரலை. (இப்போ உக்காந்து தமிழ்ல பதிவு எழுதறது அதுக்குப் பிராயச்சித்தம்னு வச்சுக்கோங்க.) அன்னைக்கு மார்க்குக்குக் குறுக்குவழியா இருந்த அதே பிரெஞ்சு, இன்னைக்கு விசாவுக்குக் குறுக்குவழியாம். மொழியை மொழியா மட்டும் பார்க்கவே மாட்டோம் போல.

இதே மான்ட்ரியல்ல ஈழத்துலேர்ந்து அகதியா போன நம்ம ஆளுங்க இருக்காங்க. 1977-ல கியூபெக் கொண்டுவந்த சட்டம் 101 படி, வந்து குடியேறினவங்க பிள்ளைங்க பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கணும். கோட் தெ நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் வளர்ந்த பிள்ளைங்க வீட்ல தமிழ், பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு, டிவியில இங்கிலீஷ்னு வளர்ந்தாங்க. அவங்க அப்பா அம்மா ஹோட்டல்ல பாத்திரம் கழுவிக்கிட்டே மொழி கத்துக்கிட்டாங்க. அவங்ககிட்ட எஸ்.ஓ.பி. எழுதிக் கொடுக்க யாரும் இல்லை.

கடைசியா ஒரு கணக்கு. 2023-லேர்ந்து கனடாவோட எக்ஸ்பிரஸ் என்ட்ரியில பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குன்னு தனியா அழைப்பு விடறாங்க. இதுக்கு எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் சரி. பிரெஞ்சுல நாலு திறன்லயும் ஏழாம் நிலை வேணும், டிகிரி, வேலை அனுபவம் மாதிரி மத்த தகுதிகளும் வேணும், கியூபெக்குக்கு வெளிய குடியிருக்கணும். 2024 பிப்ரவரி 28-ல நடந்த பொது அழைப்புக்கு கட்-ஆஃப் 534. மறுநாள் 29-ஆம் தேதி பிரெஞ்சு அழைப்புக்கு 336. ஒரே ராத்திரியில கிட்டத்தட்ட இருநூறு பாயின்ட் வித்தியாசம்! அந்த கட்-ஆஃப் அப்படியே இருக்கும்னு நான் உத்தரவாதம் தரலை, நாளைக்கே விதி மாறலாம். ஆனா இருபது லட்சத்துக்கு கன்சல்டன்சிக்காரன் விக்கிற கதவு எது, உண்மையில திறந்த கதவு எதுன்னு பாருங்க. ஆவடியில லோக்கல் ஏறி சென்ட்ரல்ல இறங்கி, பார்க் ஸ்டேஷன்ல தாம்பரம் வண்டி பிடிச்சு நுங்கம்பாக்கம் போனா காலேஜ் ரோட்ல அலையன்ஸ் பிரான்சேஸ் இருக்கு. ரெண்டு வருஷம் சனி ஞாயிறு உழைக்கணும். முழுசா படிச்சாலும் வீட்டுப் பத்திரத்தை வைக்கிற அளவுக்குச் செலவு ஆகாது. ஆனா அதுக்கு கமிஷன் கிடையாது, அதனால சொல்ல ஆள் இல்லை.

'நீ மட்டும் வேலையில செட்டில் ஆயிட்டு அடுத்தவனுக்கு அட்வைஸா'ன்னு பின்னூட்டத்துல யாராவது வருவீங்க. வாங்க. அந்தப் பையனுக்கு வெளிநாடு போகாதேன்னு நான் சொல்லலை. அவன் போகணும்னு எனக்கும் ஆசைதான். இந்தக் காகிதத்தோட போகாதேன்னுதான் சொல்றேன்.

நேத்து ராத்திரி அவங்கப்பா வீட்டுக்கு வந்தாரு. சட்டைப் பையில அந்த நோட்டு. "என்னப்பா, பையன் மனசைக் கலைச்சு விட்டுட்டியாமே"ன்னாரு. கோபமா சொன்னாரா, வருத்தமா சொன்னாரான்னு எனக்குத் தெரியலை. கனடா அரசாங்கப் பக்கத்தைத் திறந்து, வேலை பர்மிட் பத்தி இருந்த வரியைத் தமிழ்ல ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், "அட்வான்ஸ் அம்பதாயிரம் கட்டிட்டோமே தம்பி, திருப்பித் தருவானா?"ன்னு கேட்டாரு.

திங்கக்கிழமை காலையில நானும் அவங்ககூட கன்சல்டன்சிக்குப் போறேன். லீவுக்கு மெயில் போட்டாச்சு.