மூங்கில் திரையும் மூன்று மாதப் பயிற்சியும்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கைத்தொழில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். அது நல்லதே. ஆனால் மூன்று மாதம் பின்னக் கற்பித்து, சான்றிதழ் வழங்கி, படமும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஒரு தொழில் உருவாகிவிடுமா? யப்பானில் மூங்கில் திரை பின்னுவோரின் அனுபவத்தைக் கொண்டு இதனைச் சிந்திக்க விரும்புகிறோம்.

அங்கு இத்திரையைச் 'சுதரே' என்பர். கோடையில் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டால் வெயிலை மறைக்கும், காற்றை மறிக்காது. உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம். பகலில் வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. பட்டுக் கரை வைத்த உயர்ந்த வகைக்கு 'மிசு' என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரண்மனைகளில் தொங்கிய அது, இன்றும் அந்நாட்டுக் கோயில்களில் தொங்குகிறது.

வேலை எளிதன்று. குளிர் காலத்தில் மூங்கிலை வெட்டி, தோலைச் சீவி, பிளந்து, உட்சதையை நீக்கி, ஒரே பருமனான ஈர்க்குகளாக்க வேண்டும். பின்னர் அவற்றை ஒவ்வொன்றாக அடுக்கி நூலால் பிணைக்க வேண்டும். நல்ல திரையில் மூங்கிலின் கணுக்களே கோலம்போல ஒழுங்காக அமைந்திருக்கும். இந்தக் கைப்பழக்கம் மூன்று மாதத்தில் வருவதன்று.

கைப்பழக்கம் இருந்தும் போதாது. திரைக்கு உகந்த 'மதாகே' என்னும் மூங்கில் ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும்; பூத்தபின் பட்டுப்போகும். 1960களின் பிற்பகுதியில் யப்பானெங்கும் அது பூத்து, தோப்புகள் அழிந்தன. கைவினைஞரிடம் திறமை இருந்தது, மூங்கில் இல்லை. நிலத்தடியில் எஞ்சிய கிழங்குகளிலிருந்து தோப்புகள் மீளப் பல ஆண்டுகள் சென்றன.

1974ஆம் ஆண்டு அந்நாடு மரபுக் கைத்தொழில்களை வளர்க்கச் சட்டம் இயற்றியது. பொருள் அன்றாட வாழ்வில் பயன்பட வேண்டும். முக்கிய வேலைகள் கையால் நடைபெற வேண்டும். முறையும் மூலப்பொருளும் மரபுவழி வந்தவையாக இருக்க வேண்டும். ஒரே பகுதியில் போதிய தொகையினர் அதைச் செய்துவர வேண்டும். இவை அச்சட்டத்தின் நிபந்தனைகள். ஒசாகாப் பகுதியின் 'கொங்கோ சுதரே' 1996இல் இந்த அங்கீகாரத்தைப் பெற்றது. அங்கீகாரம் பெற்ற பின்னரும் மலிவான இறக்குமதித் திரைகளோடு அது போட்டியிட வேண்டியுள்ளது. பழகவரும் இளைஞரும் குறைவு.

எனவே பயிற்சி தர வருவோரிடம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். மூலப்பொருள் எங்கிருந்து வரும்? செய்த பொருளை யார் வாங்குவார்? பயிற்சி முடிந்தபின் பழகியவர்கள் ஒன்றாக இருந்து தொழில் செய்ய வழி உண்டா? பனையோலை வேலையைத் தலைமுறையாக அறிந்த நமக்கு முதற் கேள்வியின் பொருள் நன்கு விளங்கும். போர்க் காலத்தில் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளை நாம் மறக்கவில்லை. பின்னும் கை இருந்தாலும் ஓலைக்கு மரம் வேண்டும். மரத்துக்குக் காணி வேண்டும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். கைத்தொழில் காணிக்கு ஈடாகாது. தங்கியிருக்கும் இடத்தில் கூடை பின்னி நாலு காசு சம்பாதிப்பது நல்லதே. அதைக் காட்டி, 'இவர்களுக்குப் பிழைக்க வழி செய்துவிட்டோம்' என்று மீள்குடியேற்றத்தைத் தள்ளிப்போட எவரும் இடம் தேடக்கூடாது. விவசாயிக்கு அது பக்கத் தொழில். வயல்தான் சொந்தத் தொழில்.

ஆகவே கிடைக்கும் பயிற்சியை விடாது பயன்படுத்துவோம். தனித்தனியாக அன்றி, ஊரவராகக் கூடிச் செய்வோம். பின்னத் தெரிந்த முதியவர்களோடு பிள்ளைகளை இருத்துவோம். அதேவேளை, காணியைக் கேட்கும் குரலையும் தாழ்த்தாதிருப்போம்.