பெயர் சொல்லும் எச்சரிக்கை

புவியியல் தேர்வுக்காக எத்தனையோ கலைச்சொற்களை மனப்பாடம் செய்திருப்பீர்கள். தேர்வு முடிந்த மறுவாரமே அவற்றுள் பாதி மறந்திருக்கும். குறை உங்களுடையதன்று. ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா மாநிலங்களில் பாலைநிலத்தை அறுத்துச் செல்லும் ஆழமான பள்ளத்தாக்குகள் பல உள்ளன. அங்கு நடைப்பயணம் செல்வோர் அறிந்திருக்க வேண்டிய சொற்களில் ஒன்று 'வாஷ்'. பெரும்பாலான நாட்களில் வறண்டு கிடக்கும் மணற்படுகையின் பெயர் அது. அதையே 'அரோயோ' என்றும் அழைப்பர். அந்த ஸ்பானியச் சொல்லுக்கு ஓடை என்பதே பொருள். ஒரு சொட்டு நீரும் இல்லாத இடத்திற்கு ஓடை என்ற பெயரா என்று வியக்கிறீர்களா? இது நீர் வரும் வழி என்று அப்பெயர் எச்சரிக்கிறது.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தனர். இடிமழை பெய்ததோ பல கிலோமீட்டர் தொலைவில்! பாறை நிலம் நீரை அதிகம் உறிஞ்சுவதில்லை. எனவே மழைநீர் வறண்ட படுகைகளின் வழியே திரண்டு வந்து குறுகிய பாறைப் பிளவுக்குள் பாய்ந்தது.

மற்றொரு சொல் 'உயிர்மண் மேலோடு'. பார்வைக்கு அது கறுத்த, சொரசொரப்பான மண்தான். ஆனால் அதனுள் சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் தம் இழைகளால் மணல் துகள்களைப் பிணைத்து, காற்றும் மழையும் மண்ணை அரிக்காமல் காக்கின்றன. காலடி பட்டால் அது நொறுங்கிவிடும். மீண்டும் முழுமையாக உருவாகப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். ஆகவே பாறையின் மீதோ வாஷின் மணலிலோ நடக்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை.

இப்போது இரு சொற்களையும் சேர்த்துப் பாருங்கள். மண்ணைக் காக்க வாஷில் நட என்கிறது ஒன்று. மழை மேகம் கண்டால் உடனே மேடேறு, அங்கே கூடாரம் அடிக்காதே என்கிறது மற்றொன்று. இரண்டையும் அறிந்தவரே நிலத்திற்கும் தமக்கும் தீங்கின்றித் திரும்புவார்.

கலைச்சொல் என்பது வெறும் மதிப்பெண்ணுக்கானதன்று என்பதே என் கருத்து. அடுத்த முறை பாடநூலில் ஒரு புதிய சொல்லைக் காணும்போது, "இதன் பொருள் என்ன?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "இது என்னை என்ன செய்யச் சொல்கிறது?" என்றும் கேளுங்கள். அப்படிக் கற்ற சொல் எளிதில் மறக்காது.